நான்கு சாக்கு மாங்காய்

பெரியப்பா தோப்பில் பறிக்கப் போன முதல் வருசம் நான்கு சாக்கு மாங்காயோடு வீடு திரும்பினோம். மதுரையில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கடைசிச் சாக்கை ஏற்றி வைத்த என் கணவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "சரி, இதை வச்சு என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டார். தோப்பில் வைத்தே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எட்டாவது நாள் பதில் தெரிந்தது. ஹாலில் பாதியைச் சாக்குகள் அடைத்திருந்தன. மேலே இருந்த காய் கல்லாக இருக்க, அடியில் இருந்தவை கனிந்து நசுங்கிச் சாறு தரையில் ஓடியது. வீடு முழுக்கப் பொடி ஈக்கள். பக்கத்து வீடு, எதிர்வீடு, அலுவலகம், மகளின் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் என்று கொடுத்துப் பார்த்தோம். அவர்களுக்கும் அது மாம்பழக் காலம்தானே? மூன்றாவது தடவை பையோடு போய் நின்றபோது எதிர்வீட்டு அக்கா கதவைத் திறக்கவே யோசித்தார். ஏறக்குறையப் பாதி குப்பைக்குப் போயிற்று. குப்பை வண்டி தள்ளிவரும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பழமண்டி வச்சிருக்கீங்களா?" என்றார்.

இது நடந்து ஆறு வருசமாகிறது. போவதை நிறுத்தவில்லை. ஒரு தடவை போவதை மூன்று தடவையாக ஆக்கிக்கொண்டோம். பங்குனியில் மாவடுவுக்கு, வைகாசி தொடக்கத்தில் செந்தூரத்துக்கும் இமாம்பசந்துக்கும், ஆனியில் நீலத்துக்கு. ஒரு தடவைக்கு 20 கிலோவுக்கு மேல் வண்டியில் ஏற்றுவதில்லை. வீட்டில் வேலை செய்ய எத்தனை கை இருக்கிறதோ அதற்குத்தான் காய். என்னுடையது, அத்தையுடையது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணவருடையது, அப்புறம் பதினொரு வயது மகளும் ஏழு வயதுப் பையனும். குழந்தைகள் இருவரையும் சேர்த்து ஒரு கை என்று கணக்கு வைத்திருக்கிறேன். சில நாள் அது அரைக் கைதான்.

தோப்பு நத்தம் பக்கம். பெரியப்பாவுடையது. மதுரையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். 2023-ல் நத்தம் சாலையில் பறக்கும் பாலம் திறந்த பிறகு ஊரைத் தாண்டுவதே தெரிவதில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது நாம் வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே போனால் எங்கே போய் நிற்போம் என்று சொல்ல முடியாது.

சொந்தக்காரர் தோப்பு என்றால் எந்த மரத்திலும் பறிக்கலாம் என்று நினைத்துத்தான் முதல் வருசம் போனோம். அது தப்பு. அந்தப் பக்கத்துத் தோப்புகளில் நிறைய, பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே குத்தகைக்குப் போய்விடும். பணம் கைமாறிய பிறகு காய் எல்லாம் குத்தகைக்காரருடையது. மருந்தடிப்பது, காவல், பறிப்பு, லாரி எல்லாம் அவர் பொறுப்பு. பெரியப்பா வாசலை ஒட்டிய நான்கு மரங்களை மட்டும் 'வீட்டு மரம்' என்று ஒதுக்கி வைத்துக்கொள்வார். இது தெரியாமல் என் மகள் நடுத்தோப்புக்குள் ஓடி, கைக்கு எட்டிய தாழ்ந்த கிளையில் ஆறு காயைப் பிய்த்து மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். காவலுக்கு இருந்த பெரியவர் பின்னாலேயே வந்தார். திட்டவில்லை. பெரியப்பாவைப் பார்த்து, "பேத்தியா? இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். அதில்தான் பெரியப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. ஆறு காய்க்கும் காசு கொடுக்கப் போனார், அவர் வாங்கவில்லை. அடுத்த தடவையிலிருந்து வண்டியை விட்டு இறங்கியதும் முதல் வேலை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் எந்த மரம் நம்முடையது என்று தொட்டுக் காட்டுவது.

உறவில் தோப்பு இல்லாதவர்கள் குத்தகைக்காரரிடமே கேட்கலாம். பறிப்பு நடக்கும் நாளில் போனால், மரத்தடியிலேயே எடை போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் நாலு காய் பறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே விடுவார்கள். கேட்காமல் கை வைத்தால்தான் வம்பு. இன்னொன்றும் கேட்க வேண்டும்: கடைசியாக மருந்து அடித்தது எப்போது? பக்கத்தில் அடித்திருக்கிறார்கள் என்றால் அன்றைக்குப் பிள்ளைகளை மரத்தடியில் விடாதீர்கள். பெரியப்பா இதைக் கண்டிப்பாகச் சொல்வார். அடித்த வாரத்தில் எங்களை வரவே விடமாட்டார்.

இனி பறிப்பு. கல்லெறிவது, கிளையை உலுக்குவது இரண்டும் கூடாது. விழுந்த காய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது. நாலாம் நாள் அடிபட்ட இடம் உள்ளே பழுப்பாகக் குழைந்திருக்கும். நீளக் கம்பின் முனையில் அரிவாள் போன்ற கொக்கியும் அதன் கீழே வலைப்பையும் கட்டிய தொரட்டிதான் சரி. காம்பைக் கொக்கிக்குள் கொடுத்து ஓர் இழுப்பு, காய் வலைக்குள் விழும். கேட்கச் சுலபம். அண்ணாந்து பார்த்தபடி பத்துக் காய் பறித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். என் மகள் கண்டுபிடித்த வழி, ஒருவர் தொரட்டி பிடிக்க இன்னொருவர் தள்ளி நின்று "இடது பக்கம், இன்னும் மேல, அதேதான்" என்று சொல்வது. அடியில் நிற்பவருக்கு இலை மறைக்கும், தள்ளி நிற்பவருக்குக் காம்பு தெரியும். அக்கா தம்பிச் சண்டை எல்லாம் அந்தக் கொஞ்ச நேரம் நின்றுவிடும். இருவருக்கும் ஒரே வேலை, ஆளுக்கு ஒரு பாதி.

உச்சிக் கிளைக்கு மரம் ஏறுகிற அண்ணன் ஒருவர் வருவார். அவருக்குக் கூலி நாங்கள்தான் கொடுப்போம். பெரியப்பா தலையில் அதையும் கட்டக் கூடாது. காய் சும்மா கிடைக்கிறது என்பதற்காக ஆள் கூலியும் சும்மாவா? பெரியம்மாவுக்கு மதுரையிலிருந்து மல்லிகைப் பூவும் அவருக்குப் பிடித்த பால்பன்னும் வாங்கிப் போவது தனி.

அந்த அண்ணன் ஏறுவதற்கு முன் அடுப்புச் சாம்பலைக் கை கால் முழுக்கத் தேய்த்துக்கொள்வார். முசுறுக்காக. பச்சை இலைகளைச் சேர்த்துப் பின்னிப் பந்து மாதிரிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. அது ஒன்று கடித்தால் போதும், கூட்டம் பின்னாலேயே வரும். பிள்ளைகளிடம், "இலை உருண்டையா ஒட்டியிருந்தா அந்தக் கிளைக்குத் தொரட்டி போடாதீங்க" என்று சொல்லி வைத்திருக்கிறோம். சொல்லியும் ஒரு தடவை என் கணவரே போட்டார். கூடு அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. சட்டையைக் கழற்றிக்கொண்டு தோப்புக்குள் ஓடிய அந்தக் காட்சியைப் பையன் இன்னும் நடித்துக் காட்டுகிறான். பெரியப்பாவோ கூட்டைக் கலைத்ததற்காகத்தான் வருத்தப்பட்டார். முசுறு இருக்கும் மரத்தில் பூச்சி குறைவு. அது பூச்சியைத் தின்று மரத்தைக் காப்பாற்றுகிறது.

எறும்பை விடப் பெரிய ஆபத்து பால். காம்பைக் காய்க்கு ஒட்டி ஒடித்தால் அந்தப் பால் பீச்சி அடிக்கும். முதல் வருசம் பையனுக்கு ஒரு வயசு; இடுப்பில் இருந்தான், தப்பினான். மூன்றாம் வருசம் காயைக் கையில் வாங்கிய உடனே, கழுவாமல் கடித்தான். மறுநாள் காலை வாயோரம் கறுத்து, இரண்டாம் நாள் கொப்புளம். டாக்டர் களிம்பு கொடுத்தார், வாரத்தில் ஆறியது, தழும்பு போக மூன்று மாதமாயிற்று. மாமரம், முந்திரி, அந்தக் காலத்தில் சலவைத் துணிக்குக் குறி போட்ட சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக் காரம்தான் மாம்பாலிலும். பால் பட்டால் தேய்க்காமல் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணாந்து பறிக்கும்போது அது நேராகக் கண்ணுக்குத்தான் இறங்கும். அதனால் தொரட்டி பிடிப்பவருக்கு ஒரு கண்ணாடி போட்டுவிடுகிறோம். பழைய வெயில் கண்ணாடி போதும்.

தோலில் பால் வழிந்தால் காய்க்கும் கெடுதல். வழிந்த தடம் கறுத்து, அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். ஆகவே விரல் நீளம் காம்போடு பறித்து, நிழலில் உட்கார்ந்து, அப்புறம் காம்பை ஒடித்துக் காயைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். பெரியப்பா பழைய கயிற்றுக் கட்டில் ஒன்றைப் போட்டுத் தருவார். கயிற்றின் இடைவெளியில் காம்புப் பக்கம் கீழே பார்க்கும்படி காயை வரிசையாகச் செருகினால் பால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். அரை மணி நேரம். அதற்குள் நாங்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவோம்.

எந்தக் காயைப் பறிப்பது? நிறத்தைப் பார்த்தால் ஏமாந்து போவோம். செந்தூரம் பிஞ்சாக இருக்கும்போதே சிவந்துவிடும். இமாம்பசந்த் பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும். தோளைப் பார்க்கச் சொன்னார் பெரியப்பா. காம்பு உட்காரும் இடத்தைச் சுற்றிக் காய் உப்பிக் காம்பு குழிக்குள் இறங்கியிருந்தால் முற்றியது. தோள் சரிந்து காம்பு மேலே நின்றால் இன்னும் நாள் இருக்கிறது. முற்றாததைப் பறித்துப் பழுக்க வைத்தால் பழுக்காது, வெம்பும். தோல் சுருங்கி, உள்ளே புளித்து, தொட்டால் ரப்பர் மாதிரி. முதல் வருசம் எங்கள் சாக்கில் பாதி வெம்பல்தான் என்று பின்னால் புரிந்தது.

சந்தேகம் வந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது, பிள்ளைகள் இதற்காகவே காத்திருப்பார்கள். அண்டா நிறையத் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு காயாகப் போட வேண்டும். நன்றாக முற்றிய காய் அடியில் போய் உட்காரும், முற்றாதது மிதக்கும். முற்ற முற்ற உள்ளே மாவும் சத்தும் ஏறித் தண்ணீரை விடக் கனமாகிவிடுகிறது. மூழ்கியது பழக்கூடைக்கு, மிதந்தது குழம்புக்கும் வத்தலுக்கும். போன வைகாசியில் இமாம்பசந்த் ஒன்று மூழ்கவும் இல்லாமல் மிதக்கவும் இல்லாமல் நடுவிலேயே நின்றது. அதை எந்தக் கூடையில் போடுவது என்று இருவருக்கும் பெரிய வழக்கு. அத்தைதான் தீர்ப்புச் சொன்னார்: அதை அப்போதே நறுக்கி உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்றுவிட வேண்டியது.

வீட்டுக்கு வந்ததும் சாக்கைப் பிரிக்காமல் படுக்கப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எவ்வளவு அசதி என்றாலும். அடிபட்டது, கீறல் விழுந்தது, பறவை கொத்தியது எல்லாவற்றையும் அன்று இரவே தனியாக எடுத்துவிட வேண்டும். ஒன்று அழுகினால் சுற்றியிருக்கும் நாலும் போகும். நல்ல காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வைக்கோல் பரப்பிய கூடையில் ஒரே அடுக்காக, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைப்போம். வைக்கோல் பெரியம்மா கட்டிக் கொடுத்துவிடுவார். கிடைக்காத வருசம் செய்தித்தாள் போட்டோம், அதுவும் சரியாகத்தான் வந்தது. அவசரம் என்றால் கூடையில் இரண்டு பழுத்த வாழைப்பழம் வைத்து மூடினால் ஒன்றிரண்டு நாள் முந்தும். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயுதான் காரணம். வணிகத்துக்கும் அதே எத்திலீனைக் கொஞ்ச அளவில் பயன்படுத்தச் சட்டத்தில் அனுமதி உண்டு; கார்பைடு கல்லுக்குத் தடை. அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். கல் வைத்த பழம் வெளியே ஒரே சீராக மஞ்சளாக இருக்கும், உள்ளே கொட்டையைச் சுற்றி வெள்ளையாகப் புளிக்கும். எங்கள் கூடையில் பழுப்பது அப்படிச் சீராக வராது. திங்கட்கிழமை ரெண்டு, செவ்வாய்க்கிழமை அஞ்சு, புதன்கிழமை ஒன்றுமே இல்லை. தினமும் காலையில் பல் தேய்த்ததும் கூடையை மோந்து பார்ப்பது பையனின் வேலை. அழுத்திப் பார்க்கக் கூடாது, மோந்துதான் பார்க்க வேண்டும். அவன் மூக்கு இதுவரை தப்பியதில்லை.

பழுக்காததை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். இரண்டாம் வருசம் நான் செய்த காரியம் அது. ஒரே நேரத்தில் பழுத்துவிடக் கூடாது என்று பத்துக் காயை உள்ளே தள்ளினேன். ஒரு வாரம் கழித்து வெளியே எடுத்தால் தோல் சாம்பல் நிறமாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. எத்தனை நாள் வைத்தும் பழுக்கவே இல்லை. மாங்காய்க்குக் குளிர் ஆகாது. 12 டிகிரிக்குக் கீழே போனால் காய் பழுப்பதையே மறந்துவிடும். பழுத்த பிறகு வைத்தால் நாலைந்து நாள் தாங்கும்.

அடிபட்ட காயும் மிதந்த காயும் அத்தையின் கைக்குப் போகும். துருவித் தொக்கு; நறுக்கி வத்தல். தொக்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை சுருளக் கிண்ட வேண்டும், அவ்வளவுதான். வத்தலுக்குத்தான் பொறுமை வேண்டும். கொட்டையோடு சேர்த்துத் துண்டு போட்டு உப்பும் மஞ்சளும் பிசறி ஓர் இரவு வைத்தால் நீர் விட்டிருக்கும். காலையில் துண்டுகளை மட்டும் எடுத்து மொட்டை மாடியில் பாயில் பரப்ப வேண்டும், நீரை ஜாடியிலேயே விட வேண்டும். சாயங்காலம் துண்டுகளைத் திரும்ப அதே நீரில் போட வேண்டும். மூன்று நாளில் நீர் முழுவதையும் துண்டு குடித்துவிடும். அப்புறம் ஒடித்தால் சடக்கென்று ஒடியும்வரை காய்ச்சல். காகத்துக்குக் காவல் மகள்; அவள் புத்தகம் படிக்கும் நேரத்தில் காகம் தின்னும். மழைக்குக் காவல் யார் என்று யோசிக்காமல் விட்டதில் ஒரு தடவை மொத்த வத்தலும் போயிற்று. மாஞ்சாரல் என்று பாடப்புத்தகத்தில் அழகாகப் போட்டிருக்கிறார்கள். மாடியில் வத்தல் போட்டிருப்பவளுக்கு அது அழகாக இருப்பதில்லை. இப்போது மேகம் கூடினால் கீழ்வீட்டு அம்மா போன் போடுகிறார். அவருக்கு ஒரு டப்பா வத்தல் தனியாக எழுதி வைத்தாயிற்று.

வடு மட்டும் வேறு கதை. பங்குனியில் போய்ப் பறிக்கிறோம் என்றேனே, அதற்குப் பிள்ளைகளின் சின்னக் கைதான் வேண்டும். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய காயாக, தாழ்ந்த கிளையிலிருந்து, சிறு காம்போடு கிள்ள வேண்டும். காற்றில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கிப் போட்டால் ஜாடியே நொளுக்கென்று போகும். உதிர்ந்ததைத் தொட மாட்டார் அத்தை. ஒரு தடவை பையன் கணக்குக் காட்டுவதற்காக உதிர்ந்ததையும் கூடையில் கலந்துவிட்டான். அத்தை தாம்பாளத்தில் கொட்டி ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்துப் பதினேழைத் தனியாக ஒதுக்கினார். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதினேழையும் அவன் கையில் கொடுத்து, "இதைப் பருப்புல போடச் சொல்லி அம்மாகிட்ட குடு" என்றார்.

அத்தையின் கணக்கு இது: படிக்கு ஓர் ஆழாக்குக் கல்லுப்பு, எட்டுக்கு ஒன்று. கழுவி நிழலில் துணியில் பரப்பி ஈரம் சுத்தமாகப் போக வேண்டும். அப்புறம் ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெயை வடுவின் மேல் விட்டு, ஒவ்வொன்றும் பளபளக்கும்வரை பிசற வேண்டும். எண்ணெய் எதற்கு என்று மகள் கேட்டதற்கு, "கெடாம இருக்க, சதை கெட்டியா நிக்க" என்றார். ஜாடியில் ஓர் அடுக்கு வடு, ஒரு பிடி உப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள், மறுபடி வடு. வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி மூலையில் வைத்துவிடுவார். கை போட்டுக் கிளறக் கூடாது; காலையும் மாலையும் ஜாடியையே இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்க வேண்டும். நாலாம் நாள் பார்த்தால் பாதி ஜாடிக்குத் தண்ணீர் நிற்கும். நாம் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை, எல்லாம் வடு விட்ட நீர். தோல் சுருங்கத் தொடங்கியதும் அந்த நீரிலேயே கொஞ்சம் எடுத்துக் காய்ந்த மிளகாயும் கடுகும் அரைத்துக் கலக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் விட்டு அரைத்தால் பூசணம் பிடிக்கும். இதுவும் ஒரு தடவை நான் செய்து பார்த்த தப்புத்தான். மேலே வெள்ளைப் படலம். அத்தை அந்த ஜாடியைப் பார்த்துவிட்டுச் சொன்னது, "ஈரக்கையா?" என்கிற ஒரே வார்த்தை.

ஆனிப் பயணத்தில் நீலம். பழக்காலம் முடியும்போது வரும் பழம், அப்படி ஒரு வாசனை. இதைப் பற்றி ஒன்று சொல்லி வைக்கிறேன், இல்லையென்றால் குழந்தைகள் பயந்துவிடுவார்கள். பழத்தைத் தின்று கொட்டையைச் சூப்பிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு வண்டு வெளியே வரும். என் மகள் முதல் தடவை கொட்டையை ஜன்னல் வழியாகத் தெருவில் வீசிவிட்டாள். பழத்தில் ஓட்டையே இல்லையே, எப்படி உள்ளே போனது என்று பெரியப்பாவைப் போனில் கேட்டாள். காய் கோலிக்குண்டு அளவு இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைத்துவிடும். புழு பொரிந்து சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும். காய் வளர வளர அந்தத் துளை தூர்ந்துவிடும். உள்ளேயே பருப்பைத் தின்று, கூட்டுப் புழுவாகி, வண்டாகி, கொட்டை திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கும். சதைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, தின்னலாம். இதைக் கேட்ட பிறகு அவள் நீலத்தைத் தின்னும் முறையே மாறிவிட்டது. பழத்தை விட வண்டுதான் முக்கியம். போன வருசம் தின்ற கொட்டையையெல்லாம் வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் பிளக்கச் சொன்னாள். பதின்மூன்றில் ஐந்தில் வண்டு. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.

அதற்கு முந்தி ஒரு வருசம், வண்டு இல்லாத இமாம்பசந்த் கொட்டைகளில் நாலைந்தை நட்டோம். ஓட்டோடு நட்டால் நாளாகும். காயவைத்து ஓரத்தில் கத்தரியால் நறுக்கி ஓட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் எடுத்து, வளைந்த முதுகு மேலே இருக்கும்படி மண்ணில் புதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளை வரும். நறுக்குவது பெரியவர்கள் வேலை. ஓடு வழுக்கும், கத்தரி நேராக உள்ளங்கைக்குத்தான் வரும். முதல் கொழுந்து செம்பு நிறத்தில் தளதளவென்று தொங்கியது. பட்டுப் போகிறது என்று நினைத்துப் பையன் அதற்குக் குடை பிடித்தான். மாங்கொழுந்து அப்படித்தான், பச்சையாக மாறச் சில நாளாகும்.

இந்தக் கன்று காய்த்தால் இமாம்பசந்தா என்று கேட்டான். பெரியப்பா பொய் சொல்லத் தெரியாதவர். "கொட்டைல போட்டா ஆத்தா மாதிரியே வராதுய்யா, அது எதாவது ஒண்ணா வரும். காய்க்க ஏழெட்டு வருசம் ஆகும். ஒட்டுக் கட்டினா மூணு நாலு வருசத்துல அதே பழம்" என்றார். பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. அடுத்த தடவை நாங்கள் போனபோது அவனுடைய கன்றை மடியில் வைத்துக்கொண்டே வந்தான். பெரியப்பா அதன் தண்டை வெட்டி, பிளந்து, வீட்டு மரத்து இமாம்பசந்தின் குச்சி ஒன்றை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றினார். பையன் மூச்சே விடவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டான், "தாத்தா, அதுக்கு வலிக்குமா?"

அந்த ஒட்டு பிடிக்கவில்லை. குச்சி காய்ந்துவிட்டது. அடியில் அவனுடைய கன்று மட்டும் மறுபடி துளிர்த்துப் பால்கனியில் இப்போது அவன் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. எதாவது ஒன்றாக வரும் என்று பெரியப்பா சொன்னதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அக்காவிடம் தினமும் சண்டை போடுகிறான். தை முடியப் போகிறது. நேற்று பெரியப்பா போன் செய்தார். வீட்டு மரத்தில் இரண்டில் பூ கட்டியிருக்கிறதாம், இமாம்பசந்த் இந்த வருசம் ஓய்வாம். போன வருசம் அவ்வளவு காய்த்ததல்லவா. கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு மாற்ற வேண்டும், வரும்போது மதுரையில் நல்ல தேங்காய்நார்க் கயிறாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.